வலது பக்கம் வாரான், அத்தான்

ஜூன் 2, ஞாயிறு

முடிந்துவிட்டது. ஆர்மெராவின் கடைசி அரசி இன்று மத்தியானம் செத்துப்போனாள். அவள் சாகும் நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்துக்கொண்டே கிடந்தது, அணைக்க ஆளில்லை. பருப்பு அடிப்பிடித்துக் கருகிவிட்டது. போகட்டும், அரசியை விடவா பருப்பு பெரிது.

இந்த கேமை ஆரம்பித்தபோது தன்ஷிகாவுக்குப் பல்லே முளைக்கவில்லை. இப்போது முன்பல் விழுந்து, பொக்கை வாயோடு ஒன்றாம் வகுப்புக்குப் போகக் காத்திருக்கிறாள். இடையில் நாங்கள் வேறு பெரிய கேம் எதையும் தொடவில்லை. நாங்கள் என்றால் நானும் அத்தானும். அத்தான் என்றால் என் புருஷன் பொன்வேல், சொந்த அத்தை பெற்ற மகன். மாட்டுத் தீவனக் கம்பெனியில் ரெப்ரசென்டேடிவ். பகல் முழுக்க பைக்கில் ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று கடை கடையாக ஏறி இறங்குகிறவர். ஆனால் எப்பேர்ப்பட்ட வேலை இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் பாளையங்கோட்டைக்கு வந்துவிடுவார். ஆபீஸில் மற்ற பெண்கள் தங்கள் புருஷன்மார் பத்து மணிக்கு வருவதைச் சொல்லிப் புலம்பும்போது, எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருக்கும்.

கேமில் அவர் வாள்வீரன் வெட்டும்பெருமாள். நான் சூனியக்காரி குழலி. அவர் நேரே பார்த்து வெட்டிக்கொண்டே போவார், சுற்றிலும் யார் வருகிறான் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. “வலது பக்கம் வாரான், அத்தான்! இடது பக்கம் பள்ளம், அத்தான்!” நான் கத்துகிற கத்தில் எதிர்வீட்டு லூர்து டீச்சர் ஒருநாள் கதவைத் தட்டி, “கள்ளனா வந்துட்டான்?” என்று கேட்டார்.

அரசி விழுந்ததும் அத்தான் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை. “இனி என்னத்தட்டி விளையாட?” என்றார்.

“மொதல்ல வந்து குக்கரச் சொரண்டுங்க” என்றேன். எனக்கும் அழ வேண்டும்போலத்தான் இருந்தது, அதை ஏன் அவரிடம் காட்ட வேண்டும்.

ஜூன் 5, புதன்

வீடு எழவு விழுந்த வீடு மாதிரி இருக்கிறது. ஆடிட்டர் சார் ஆபீஸில் ஜிஎஸ்டி கணக்கு போடும்போதுகூட ஆர்மெராவின் பாட்டு மண்டைக்குள் ஓடுகிறது. அத்தான் போனில் புது கேம்களின் வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிறார். போனை மூக்கில் ஒட்டாத குறைதான். போன தடவை கேமைத் தேர்ந்தெடுத்தது நான், இந்தத் தடவை அவர் முறை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

ஜூன் 8, சனி

கன்சோலை எங்களுக்கு விற்ற கிப்சன் ஒரு கேம் சொன்னான். பாதாளக் கோட்டை, பேய்கள், மெழுகுவர்த்தி வெளிச்சம். “அண்ணி, இத விளையாடலன்னா பொறந்ததே வேஸ்ட்டு” என்றான். டெமோ போட்டோம்.

அத்தான் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றார். வாசல் பக்கத்திலேயே இருக்கிறது, இவர் சுவரை வெட்டிக்கொண்டிருக்கிறார்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“இருட்டா இருக்குட்டி. என்ன கருமத்த எடுத்திருக்கான்.”

“வெளிச்சத்த முழுசா கூட்டி வச்சிருக்கேன் அத்தான். இதுக்கு மேல கூட்டுனா டிவி வெடிச்சிரும்.”

கன்ட்ரோலரை சோபாவில் எறிந்துவிட்டு எழுந்து போய்விட்டார். எறிகிற ஆளே இல்லை அவர். எனக்கும் ஆத்திரம் வந்தது. ராத்திரிக்கு தோசை ஊற்றவில்லை, ரவையைக் கிண்டி வைத்துவிட்டேன். அவருக்கு உப்புமா என்றால் விஷம். ஒரு வாய் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் போனார்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று குதிரை கேம். வெட்டவெளி, ஆறு, மலை, பட்டப்பகல் வெயில். இதில் இருட்டு என்று சாக்கு சொல்ல முடியாது பாருங்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு குதிரை.

அத்தானின் குதிரை நேரே போய்ப் பள்ளத்தில் விழுந்தது. மறுபடியும் அதே பள்ளத்தில். அடுத்து ஒரு கிழவியை இடித்துத் தள்ளியது. ஊர்க்காரர்கள் எல்லாரும் கல்லெடுத்து விரட்டினார்கள். புது கேமில் எங்கே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாதே, நான் பார்த்துச் சொல்வதற்குள் இவர் போய் விழுந்துவிடுகிறார்.

“கன்ட்ரோலர் சரியில்ல” என்றார். நான் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. வயசாகிறது மனுஷனுக்கு, கை வேகம் போய்விட்டது. அப்படிச் சொன்னால் மூஞ்சி தூக்குவார் என்று கன்ட்ரோலர் மேலேயே பழியைப் போட்டுவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. தன்ஷி பைக்கில் அப்பாவுக்கு முன்னால், டேங்க் மேல் உட்கார்ந்து ராஜகுமாரி மாதிரி போனாள். பின்னால் உட்கார மாட்டாளாம். பைக்கின் இடது பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது. கடை வாசலில் நிறுத்தியிருந்தபோது லோடு ஆட்டோக்காரன் இடித்துவிட்டானாம். இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறான் பாவி.

ஜூன் 13, வியாழன்

சண்டை. அத்தான் தேர்ந்தெடுத்துவிட்டார். எதைத் தெரியுமா? பளீர் மஞ்சள், பளீர் பச்சை, குண்டு குண்டு முயல்கள். சின்னப்பிள்ளை பொம்மைப் படம் தோற்றது. ஒருவன் அடிப்பான், அடுத்தவன் அவன் முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். ரேஷன் கடை வரிசையில்கூட இதைவிட விறுவிறுப்பு உண்டு.

“நம்ம ரெண்டு பேரும் அரசியக் கொன்னவுக அத்தான். போயும் போயும் முயல்குட்டியா?”

“இது நல்லாருக்குட்டி.”

“என்ன நல்லாருக்கு? ஒரு நல்லது சொல்லுங்க, ஒத்துக்கிடுதேன்.”

அவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். “இதுல யாரும் சொல்லாம கொள்ளாம வந்து அடிக்க மாட்டான், ராணி” என்றார்.

இது ஒரு பதிலா? சண்டைக் கேமில் சொல்லிவிட்டு வந்தா அடிப்பான்? முறை அவருடையது என்பதால் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டேன் என்றால், பாத்திரம் கழுவும்போது கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

ஜூன் 16, ஞாயிறு

எழுத முடியவில்லை. வண்டிச் சாவி என்னிடம் இருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. தன்ஷியை லூர்து டீச்சர் வீட்டில் விட்டிருக்கிறேன். நேற்று நடந்ததை எழுதி வைக்கிறேன், இல்லையென்றால் நான் கனவு கண்டேன் என்று நாளைக்கு நானே என்னை ஏமாற்றிக்கொள்வேன்.

முயல் கேம் போட்டிருந்தோம். தன்ஷி மாம்பழத் துண்டுகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து அத்தானுக்கு இடது பக்கத்தில் நின்றாள். தட்டை நீட்டியபடியே நிற்கிறாள், இவர் திரும்பவே இல்லை.

“எடுங்க அத்தான், பிள்ள எவ்ளோ நேரமா நிக்கா.”

“எங்க?” என்று வலது பக்கம் திரும்பினார்.

தன்ஷி கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு சுற்றிவந்து அவர் முகத்துக்கு எதிரே நின்றாள். “அங்க நின்னா அப்பாவுக்குத் தெரியாதும்மா. மூக்குக்கு நேரா வந்து நிக்கணும். ஒனக்கு இது தெரியாதா?”

எனக்குத் தெரியாது. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டிலயும் நாந்தானம்மா சொல்லுதேன்” என்றாள் தன்ஷி.

“என்னத்தட்டி சொல்லுத?”

“‘லெப்டுல பஸ்ஸு, அப்பா! ரைட்டுல ஆட்டோ வாரான், அப்பா!’ வண்டில நாந்தான் குழலி. கரெக்டா சொன்னா பத்து பாயிண்டு. வெள்ளிக்கெழம ஒரு மாடு நின்னுச்சா, நான் அந்தப் பலூன்காரனப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன். அதுக்கு மைனஸ் போட்டுட்டாரு அப்பா.”

என்னை வாயாடி என்று ஏசாத ஆள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. எனக்கு நேற்று வாயே திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு ரோடு கண்ணுக்குள் வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற டவுன் பஸ்கள் வந்தன. டேங்க் மேல் உட்கார்ந்து என் பிள்ளை வழி சொல்லிக்கொண்டு போகிறாள். ராஜகுமாரி மாதிரி போகிறாள் என்று வாசலில் நின்று கையாட்டியவள் நான்.

பிள்ளையை எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டு அத்தானுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். மூக்குக்கு நேராக. இரண்டு கையையும் அவர் முகத்துக்குப் பக்கவாட்டில் விரித்து வைத்து, மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்தேன்.

“தெரியுதா?”

“இல்ல.”

“இப்ப?”

“இல்ல.”

என் உள்ளங்கைகள் அவர் மூக்குக்கு இரண்டு பக்கமும் வந்து நின்ற பிறகுதான், “ம், இப்பத் தெரியுது” என்றார்.

ஓங்கி அறைந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. கை வருவதை அவர் பார்க்கவும் இல்லை.

பிறகு எல்லாம் சொன்னார். கம்பெனியில் போட்ட மெடிக்கல் முகாமில் சந்தேகப்பட்டு மதுரைக்கு அனுப்பினார்களாம். விழித்திரை ஓரத்திலிருந்து உள்பக்கமாகச் செத்துக்கொண்டே வருமாம். மருந்து இல்லையாம். இது எப்போது? போன வருஷத்துக்கு முந்தின வருஷம்! அத்தனை காலமும் என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து அரசியைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

“கருப்பா தெரியுமா அத்தான்?”

“கருப்புன்னாக்கூட அங்க ஏதோ இருக்குன்னு தெரிஞ்சிரும்லா. கருப்பும் இல்லட்டி, ஒண்ணுமே இல்ல. நீ பேசுனாத்தான் அந்தப் பக்கம் நீ இருக்கேன்னு தெரியும்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா வண்டிச் சாவிய வாங்கிருவ. வண்டி இல்லன்னா வேல இல்ல.”

“பிள்ள இல்லன்னா?”

தலையைக் குனிந்துகொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு வந்தது வேறு, இன்னும் அதற்குப் பெயர் தெரியவில்லை. டிவியில் முயல் ஒன்று தன் முறைக்காகக் குதித்துக் குதித்துக் காத்துக்கொண்டிருந்தது, அதைப் போய் அணைத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

தன்ஷியை ஆட்டோவில் பள்ளிக்கூடத்தில் விட்டேன். முன்னால் உட்காரணும் என்று அடம். அத்தான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டார்.

அத்தைக்குப் போன் போட்டேன். அத்தைக்குத் தெரியுமாம்! மகன் அப்போதே அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறான், பெண்டாட்டிதான் அந்நியம்.

“ஒனக்குச் சங்கடமா இருக்கும்னுதான் சொல்லலட்டி. அவன் சின்னப்பிள்ளையிலயே சாயங்காலம் ஆனா தட்டுத்தடுமாறுவான். மால ஆனா கோழிக்குத் தெரியாதுல்லா, அதுமாரின்னு நெனச்சோம்.”

“சின்னப்பிள்ளையிலயேவா? பின்ன ஏன் அத்த கல்யாணத்துக்கு முன்னால எங்க அப்பாட்ட சொல்லல?”

“வெளிய பொண்ணெடுத்தா விசாரிப்பாக, சொல்லுவோம். நமக்குள்ள என்னட்டி விசாரண?”

வாஸ்தவம்தான். வெளியூர் மாப்பிள்ளை என்றால் எங்கப்பா அவன் வேலை பார்க்கும் இடம், குடிப்பானா, பக்கத்து வீட்டுக்காரன் என்ன சொல்கிறான் என்று ஆள் வைத்துத் துழாவியிருப்பார். சொந்தத்துக்குள் என்றதும் வெற்றிலை மாற்றினார்கள், தேதி வைத்தார்கள். அத்தைக்கும் மாமாவுக்கும்கூட அப்படித்தான் நடந்தது, மாமா அவளுக்குத் தாய்மாமன் மகன். யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

நான் போனை வைத்துவிட்டேன். அத்தை பேசிக்கொண்டிருக்கும்போதே.

ஜூன் 20, வியாழன்

கண்ணாஸ்பத்திரி. காலையிலிருந்து வரிசை, சொட்டு மருந்து, மறுபடி வரிசை. டாக்டரம்மா நல்ல மாதிரி, என் வயதுதான் இருக்கும். அத்தானைச் சோதித்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“நீங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களா?”

“ஆமா மேடம். அத்த மகன்.”

“அவரு அப்பா அம்மா?”

“அவங்களும் சொந்தம்தான். மாமன் மகன்.”

ஒரு தாளை எடுத்து வட்டமும் கட்டமுமாக வரைந்தார். கோடு போட்டு இணைத்தார். அத்தை, எங்கப்பா, அத்தான், நான். கடைசியில் கீழே ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டுப் பேனாவை அதன் மேலேயே வைத்திருந்தார்.

“பாப்பாவ இதுவரைக்கும் காட்டியிருக்கீங்களா?”

நான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் நான் அங்கே இல்லை. அத்தான் என் கையைத் தேடினார். முதலில் மேஜையைத் தடவினார், அப்புறம் என் பையை, அப்புறம்தான் கை கிடைத்தது. எனக்கு வராமல் பிள்ளைக்கு எப்படி என்று கேட்டேன். நோய் எனக்கு வராமலே அதன் விதை என்னிடம் இருக்கலாமாம். இரண்டு பக்கமும் விதை இருந்தால் பிள்ளைக்கு முளைக்கலாமாம். இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பார்த்தால்தான் தெரியும் என்றார்.

பக்கப் பார்வை பார்க்கும் மெஷினுக்கு இன்று ஏகக் கூட்டம். அப்பாவுக்கும் மகளுக்கும் சேர்த்துச் சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 21, வெள்ளி

ஆனித் தேர்த் திருவிழா. ஊரே டவுனில் கிடக்கிறது. நாங்கள் போகவில்லை.

தன்ஷி தரையில் கிடந்த கொண்டை ஊசியை எடுத்துக் கொடுத்தாள். எப்படிப் பார்த்தாள், நேராகவா ஓரக்கண்ணாலா? அவள் கதவில் இடித்துக்கொண்டாள். எல்லாப் பிள்ளைகளும் இடித்துக்கொள்ளும்தானே? நாள் முழுக்க அவள் பின்னாலேயே சுற்றினேன். “ஏம்மா என்னயவே பாக்க?” என்றாள்.

அத்தான் மெதுவாக வந்து, “ஏதாவது கேம் போடவா ராணி, மனசு ஒருமாதிரி இருக்கு” என்றார். கன்சோலைத் தூக்கித் தெருவில் எறிந்துவிடுவேன் என்றேன். எறிந்திருப்பேன்.

ஜூன் 22, சனி

மெஷின் இருட்டறையில் இருந்தது. பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்த மாதிரி. அதற்குள் முகத்தை வைத்து நடுவிலேயே பார்க்க வேண்டும். ஓரங்களில் அங்கங்கே சின்ன வெளிச்சம் மின்னும். மின்னினால் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும்.

முதலில் அத்தான். தன்ஷி என் மடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் வெளிச்சம் மின்னுவது எங்களுக்கும் லேசாகத் தெரிந்தது. அத்தான் அமுக்கவில்லை. மின்னியது. அமுக்கவில்லை. எப்போதோ ஒருதடவை ‘டிக்’ என்றது. மின்னலுக்கும் மின்னலுக்கும் நடுவில் அவர் கட்டைவிரல் பட்டன் மேல் துடித்துக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்கவே முடியவில்லை. முடிந்ததும் தாள் வந்தது. முழுக்கக் கருப்பு, நடுவில் மட்டும் புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளை.

“அப்பா எத்தன பாயிண்டு?” என்று கேட்டாள் தன்ஷி.

“கொஞ்சம்தான் பாப்பா” என்றாள் டெக்னீஷியன் பெண். “இப்ப ஒன்னோட டேர்ன்.”

தன்ஷியை ஸ்டூலை உயர்த்தி உட்காரவைத்தார்கள். மின்னியது. அமுக்கவில்லை. மின்னியது. அமுக்கவில்லை. எப்போதோ ஒருதடவைதான் அவளும் அமுக்கினாள். அத்தானுக்கு மின்னுவது தெரியாது, அவர் என்னிடம் “அமுக்குதாளா? சத்தம் அவ்வளவா கேக்கலயே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவர் தோளில் கை வைத்தேன். அவர் புரிந்துகொண்டார். இருட்டறை மூலையில் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

தாள் வந்தது. அதுவும் கருப்புதான்.

டாக்டரம்மா அறைக்கு எப்படி நடந்து போனேன் என்று தெரியாது. அவர் தாளைப் பார்த்தார். தன்ஷியின் கண்ணில் மருந்து விட்டு, லைட் அடித்து வெகுநேரம் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி ஸ்கேனைப் பார்த்தார்.

“விழித்திரை சுத்தமா இருக்கே. இந்தத் தாளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே” என்றார். பிறகு தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு தன்ஷிக்கு நேரே வந்தார். “பாப்பா, ஓரத்துல லைட்டு வந்துச்சா?”

தன்ஷி அத்தானைப் பார்த்தாள்.

“வந்துச்சா இல்லையாடா?”

“வந்துச்சு.”

“பின்ன ஏன் அமுக்கல?”

அவள் டாக்டரம்மாவின் காதோரம் போய் ரகசியம் சொன்னாள். அவளுடைய ரகசியம் எப்போதும் தெருமுனை வரை கேட்கும். “எல்லாத்தையும் அமுக்குனா அப்பா தோத்துருவாருல்லா? அதான் அப்பா அளவுக்கு மட்டும் அமுக்குனேன்.”

நான் அவளை அடிக்கப் போனேனா கட்டிக்கொள்ளப் போனேனா என்று எனக்கே தெரியவில்லை. பாதியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மாதான் தண்ணீர் கொடுத்தார்.

மறுபடியும் இருட்டறை. இந்தத் தடவை அத்தான் அவள் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டார்.

“தன்ஷி, அப்பா தோத்தா ஒண்ணுமில்லட்டி. ஒண்ணு விடாம அமுக்கு.”

“அழ மாட்டியே?”

“மாட்டேன்.”

டிக். டிக். டிக் டிக். நிற்கவே இல்லை அந்தச் சத்தம். தாள் வெள்ளையாக வந்தது. வருஷா வருஷம் காட்ட வேண்டும், ரத்தத்திலும் ஒரு சோதனை இருக்கிறது, இப்போதைக்குப் பயமில்லை என்றார்கள். எனக்கு அந்த ‘இப்போதைக்கு’ போதும். அத்தான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை, சட்டைக் கை முழுக்க நனைந்திருந்தது.

ஆட்டோவுக்காக வாசலில் நின்றோம். அத்தான் குனிந்து, “நீதான ஜெயிச்ச. அடுத்த கேம நீயே எடு. என் முறைய ஒனக்குத் தாரேன்” என்றார்.

“எதுன்னாலுமா?”

“எதுன்னாலும்.”

“அப்ப அந்த டிராகன் கேமு. கிப்சன் மாமா போன்ல காட்டுனாருல்லா, அது.” கொஞ்சம் தயங்கினாள். “ஆனா அதுல ஒரே ஆளுதான் விளையாட முடியும்ப்பா. நீ சும்மா பக்கத்துல உக்காந்து என்னயப் பாத்துக்கிட்டு இருக்கணும். சரியா?”

அத்தான் அவளைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். “சரிட்டி” என்றார். “தெரியுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கேன்.”